சுழற்சி விதியை மனப்பாடம் செய்தவர்கள் ஏன் பத்தே நாளில் தடுமாறுகிறார்கள்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 13 வயது மாணவர்களுக்கு ஆயத்தளத்தில் சுழற்சி நடத்தினீர்கள். ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, 90 பாகை சுழற்றினால் (எக்ஸ், ஒய்) என்பது (−ஒய், எக்ஸ்) ஆகும் என்று பலகையில் எழுதினீர்கள். அன்றைய பயிற்சியில் எல்லோரும் சரியாகச் செய்தார்கள். பத்து நாள் கழித்து வைத்த தேர்விலோ பலர் குறியை மாற்றிப் போட்டார்கள், சிலர் எண்களை இடம் மாற்ற மறந்தார்கள், மையம் ஆதிப்புள்ளியாக இல்லாத கணக்கை ஏறக்குறைய யாருமே தொடவில்லை. விதிகள் மனத்தில் நிற்க ஏதாவது உபாயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நினைவாற்றலுக்கு வழி கேட்பதுபோல அது தோன்றினாலும், விதி மறந்துபோன பின்னும் மாணவர் விடையைத் தாமே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். அதற்கு விதியைக் கடைசியில் சொல்ல வேண்டும்.

நான் 12 முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு 22 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். முதல் ஐந்தாறு ஆண்டுகள் நீங்கள் செய்ததையேதான் செய்தேன். 90, 180, 270 என்று ஓர் அட்டவணை போட்டு, அதைச் சுவரிலும் ஒட்டிவைத்தேன். தேர்வன்று அட்டவணையைக் கழற்றியதும் விடைகளும் கழன்று விழுந்தன. (−ஒய், எக்ஸ்), (ஒய், −எக்ஸ்), (−எக்ஸ், −ஒய்) ஆகிய மூன்றும் பார்வைக்கு உடன்பிறந்தவை போல இருக்கின்றன. எது எதற்குரியது என்பதைப் பொருளறியாமல் எவ்வளவு நாள் தலையில் வைத்திருக்க முடியும்? எனக்கே முடியாது. இன்றும் நான் விதியை நினைவிலிருந்து எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியை மனத்துக்குள் திருப்பிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றி வருகிறது என்று தமிழில் இரண்டு வினைகளை வைத்திருக்கிறோம். வடிவியலோ இரண்டையும் ‘சுழற்சி’ என்ற ஒரே பெயரில் அடைக்கிறது. ‘முக்கோணத்தைச் சுழற்று’ என்றதும் மாணவர் அதை நின்ற இடத்திலேயே பம்பரம்போல் திருப்புகிறார், ஏனென்றால் அவருடைய மொழி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இன்னொருவர் முக்கோணத்தைத் திருப்பாமல் அப்படியே தூக்கி அடுத்த கால்பகுதியில் வைக்கிறார். ராட்சத ராட்டினத்தின் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றினாலும் பெட்டி நிமிர்ந்தேதான் இருக்கிறது, உள்ளே இருப்பவர் தலைகீழாவதில்லை. பெட்டி வட்டப்பாதையில் போகிறது, ஆனால் சுழலவில்லை. பெட்டியைத் தாங்கும் சக்கரத்தின் ஆரக்கம்பி மட்டுமே நாம் கேட்கும் பொருளில் சுழல்கிறது. கீலைப் பிடித்துக்கொண்டு திறக்கும் கதவும் அப்படியே. நிலவு எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதும் இந்த வகைதான். ராட்டினப் பெட்டியையும் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச பத்து நிமிடம் செலவிடுங்கள். ‘நீ வரைந்தது பெட்டியா, கதவா?’ என்று பிறகு கேட்டாலே மாணவர் தம் பிழையைத் தாமே பிடித்துவிடுகிறார்.

அடுத்து, எண்ணே எழுதாமல் ஒரு வகுப்பு. கட்டம் போட்ட வரைபடத்தாளில் அச்சுகள் வரைந்திருக்கட்டும். அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, உருவத்தையும் வலப்பக்க அச்சையும் மட்டும் படியெடுத்து, ஆதிப்புள்ளியில் பென்சில் முனையை ஊன்றி மேல்தாளைத் திருப்பச் சொல்லுங்கள். படியெடுத்த அச்சு, கீழ்த்தாளின் மேல்நோக்கிய அச்சோடு பொருந்தும்போது 90 பாகை ஆகியிருக்கும், கோணமானி தேவையில்லை. இரண்டு தாள்கள் இருப்பது முக்கியம். ஒரே தாளைத் திருப்பினால் அச்சுகளும் சேர்ந்து திரும்பிவிடும். அப்போது நகர்ந்தது உருவமா அச்சா என்று தெரியாமல் சிலர் நேர் எதிர்த்திசை விடையை எழுதுவார்கள். உருவம் நிற்க அச்சுகள் இடஞ்சுழியாகத் திரும்பினால், புள்ளியின் புதிய ஆயத்தொலைவுகள் அது வலஞ்சுழியாகத் திரும்பினாற்போல அமையும். மேல்வகுப்புகளில் இது பயன்படும், இப்போது குழப்பத்தை மட்டுமே தரும்.

எந்த உருவத்தைக் கொடுக்கிறீர்கள் என்பதும் பலர் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். சதுரமும் சமபக்க முக்கோணமும் முதல் நாளுக்கு ஆகாது. எந்த உச்சி எங்கே போனது என்பதைக் காட்டாமல் பிழையை மறைத்துவிடும். மூன்று பக்கமும் வேறுபட்ட முக்கோணம் நல்லது. (1, 1), (4, 1), (4, 3) என்பது என் வழக்கமான முக்கோணம். (3, 3) போன்ற புள்ளிகளைத் தனியாகக் கொடுப்பதைத் தவிருங்கள், எண்ணை இடம் மாற்றினாரா இல்லையா என்பதை அவை காட்டிக்கொடுக்காது. முதல் கால்பகுதியிலேயே எல்லா உருவங்களையும் வைப்பதும் ஒரு கெட்ட பழக்கம். இரண்டாம் நாளே அச்சின்மேல் கால் பரப்பி உட்காரும் ஓர் உருவத்தைக் கொடுங்கள். ‘ஒரு கால்பகுதி தள்ளி வைத்தால் போதும்’ என்ற குறுக்குவழி அங்கே செல்லாது.

இப்போது எண்களுக்கு வருவோம். என் முழு முறையும் ஒரே எண்ணத்தின்மேல் நிற்கிறது: ஆயத்தொலைவு என்பது முகவரி மட்டுமல்ல, மையத்திலிருந்து நடக்கும் நடையும்கூட. (3, 2) என்றால் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் மூன்று கட்டம், அங்கிருந்து மேலே இரண்டு கட்டம். இந்த நடையை அட்டையில் முழங்கை மடக்கியதுபோல ஒரு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: நீளக்கை மூன்று கட்டம், குட்டைக்கை இரண்டு. நீளக்கையின் தொடக்கத்தை ஆதிப்புள்ளியில் ஊன்றி இடஞ்சுழியாகக் கால்சுற்று திருப்பினால், வலப்பக்கம் பார்த்த நீளக்கை மேலே பார்க்கும், மேலே பார்த்த குட்டைக்கை இடப்பக்கம் பார்க்கும். ஆக மேலே மூன்று, இடப்பக்கம் இரண்டு. புள்ளி இப்போது (−2, 3). எண்கள் ஏன் இடம் மாறின? கிடையாகப் படுத்திருந்த கை செங்குத்தாக எழுந்துவிட்டதால். குறி ஏன் வந்தது? மேல் என்பது இடதாகிவிட்டதால். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மாணவர்கள் வாயில் நான் ஏற்றிவிடும் ஒரே சங்கிலி இதுதான்: வலது மேலாகும், மேல் இடதாகும், இடது கீழாகும், கீழ் வலதாகும். இதை மனப்பாடம் என்று சொல்ல மாட்டேன், எழுந்து நின்று கையை நீட்டி உடம்பைத் திருப்பினால் எவருக்கும் தெரிவதுதான். (−4, 1) என்ற புள்ளியைக் கேளுங்கள். இடது நான்கு, மேல் ஒன்று. அது கீழ் நான்கு, இடது ஒன்று ஆகிறது. விடை (−1, −4). அச்சின்மேல் கிடக்கும் (0, 4) போன்ற புள்ளியில் விதியை ஒப்பிப்பவர்கள் திணறுவார்கள், நடப்பவர்களுக்கோ அது மிக எளிது: மேல் நான்கு, இடது நான்காகிறது, (−4, 0). வலஞ்சுழிக்குச் சங்கிலியைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும், அவ்வளவே. இப்படி இருபது புள்ளிகளாவது செய்தபின், ‘எல்லாப் புள்ளிக்கும் பொருந்துமாறு சுருக்கி எழுத முடியுமா?’ என்று கேளுங்கள். (−ஒய், எக்ஸ்) என்பதை யாராவது ஒருவர் சொல்வார். அன்று முதல் அது அவர்கள் கண்டுபிடித்த விதி.

விதி வந்த அன்றே ஒரு கண்ணிவெடியும் வந்துவிடும். ‘−ஒய்’ என்பதைப் பார்த்ததும் அது குறை எண் என்று பலர் முடிவு செய்கிறார்கள். (2, −5) என்ற புள்ளியைச் சுழற்றினால் (−5, 2) என்று எழுதுவார்கள், ஏனென்றால் ஒய் ஏற்கெனவே குறையோடு வந்திருக்கிறது, இன்னொரு குறை எதற்கு என்பது அவர்கள் வாதம். சரியான விடை (5, 2). இது வடிவியல் பிழை அல்ல, இயற்கணிதப் பிழை, ஆனால் இங்கேதான் முளைக்கிறது. நான் ‘மைனஸ் ஒய்’ என்று வாசிப்பதையே நிறுத்திவிட்டு ‘ஒய்யின் எதிர்’ என்று வாசிக்கப் பழக்கினேன். கீழ் ஐந்து வலது ஐந்தாகும் என்ற நடைக்கணக்கும் கூடவே இருப்பதால், இரண்டு விடைகளும் முரண்படும்போது மாணவரே நின்று யோசிக்கிறார்.

மூன்று விதிகளையும் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். 90 பாகையை இரண்டு முறை செய்தால் 180, மூன்று முறை செய்தால் 270, நான்கு முறை செய்தால் வீடு திரும்புகிறோம். (3, 2), (−2, 3), (−3, −2), (2, −3), மறுபடியும் (3, 2). ஒரு விதியே மற்ற இரண்டையும் பெற்றெடுக்கிறது. இடஞ்சுழி 270 பாகையும் வலஞ்சுழி 90 பாகையும் ஒன்றே என்பதும் இந்தச் சுற்றில் தானாகத் தெரிந்துவிடும். 180 பாகையில் திசையைக் கேட்பது வீண் என்பதையும், மையம் எப்போதும் புள்ளிக்கும் அதன் பிம்பத்துக்கும் நட்டநடுவே இருக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். எளிது என்பதற்காக 180 பாகையில் தொடங்குபவர்கள் உண்டு. நான் தொடங்க மாட்டேன். அங்கே குறிகள் மட்டுமே மாறுகின்றன, எண்கள் இடம் மாறுவதில்லை. சுழற்சி என்றால் குறியை மாற்றுவது என்ற எண்ணம் முதல் நாளே ஒட்டிக்கொண்டால், 90 பாகைக்கு வரும்போது அதைச் சுரண்டி எடுப்பதே வேலையாகிவிடும்.

எண்ணை மட்டும் இடம் மாற்றிக் குறியை விட்டுவிடுவதும் அடிக்கடி நேரும். அப்போது கிடைப்பது சுழற்சி அல்ல, எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும் கோட்டைக் கண்ணாடியாக வைத்த எதிரொளிப்பு. இதைக் கண்டுபிடிக்க மலிவான சோதனை ஒன்று உண்டு. உச்சிகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். மேலே சொன்ன முக்கோணத்தை (1, 1), (4, 1), (4, 3) என்ற வரிசையில் விரலால் தொட்டுச் சென்றால் விரல் இடஞ்சுழியாகப் போகும். சரியாகச் சுழன்ற (−1, 1), (−1, 4), (−3, 4) முக்கோணத்திலும் அப்படியே போகும். (1, 1), (1, 4), (3, 4) என்று தவறாக எழுதியவரின் படத்தில் விரல் வலஞ்சுழியாகப் போய்விடும். சுழற்சி ஒருபோதும் உருவத்தைப் புரட்டிப் போடாது. தாளை மேசையிலிருந்து தூக்காமல் அந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாலும் இதே சோதனைதான்.

ஆதிப்புள்ளியல்லாத மையத்தை உங்கள் மாணவர்கள் தொடவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் அல்ல. அவர்களிடம் இருந்த விதி ஆதிப்புள்ளியிடம் மட்டுமே வேலை செய்யும் விதி. நடந்து பார்க்கும் முறையில் இங்கே புதிதாகக் கற்க எதுவுமே இல்லை என்பதுதான் அதன்மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம். மையம் (2, 1), புள்ளி (5, 3) என்று வைப்போம். மையத்தில் நின்று பாருங்கள்: வலது மூன்று, மேல் இரண்டு. சுழன்றபின் மேல் மூன்று, இடது இரண்டு. அதே மையத்திலிருந்து அப்படி நடந்தால் (0, 4) வருகிறது. தூரத்தையும் சரிபார்க்கலாம்: முன்பும் பின்பும் தூரத்தின் வர்க்கம் 13. ‘மையத்தைக் கழி, சுழற்று, மையத்தைக் கூட்டு’ என்ற மூன்றடி முறை இதன் எழுத்து வடிவம்தான், ஆனால் அதை முதலில் கொடுத்தால் கூட்டுவதை மறந்துவிடுவார்கள். நடப்பவர் மறப்பதில்லை, ஏனென்றால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

ஆர்வமுள்ள வகுப்பாக இருந்தால் இதைத் திருப்பிப் போடுங்கள்: உருவமும் பிம்பமும் இருக்கின்றன, மையம் எங்கே? (5, 3) என்பது (0, 4) ஆனது, (4, 1) என்பது (2, 3) ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் பிம்பத்தோடு இணைத்து, அந்தக் கோட்டுத்துண்டின் மையக்குத்துக்கோட்டை, அதாவது அதன் நடுப்புள்ளி வழியே செங்குத்தாகச் செல்லும் கோட்டை, வரைந்தால், இரண்டும் (2, 1) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். மையம் இரண்டு புள்ளிகளுக்கும் சம தூரத்தில் இருந்தாக வேண்டும் என்பதே காரணம். கவராயம் கையில் இருந்தால், ஒவ்வொரு உச்சியும் தனக்கென ஒரு வட்டத்தில் ஓடுகிறது என்பதையும் காட்டிவிடலாம். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு நகர்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. கோணம்தான் எல்லோருக்கும் ஒன்று, மையத்தை விட்டுத் தள்ளியிருப்பது நீண்ட பாதை போகிறது. ஒரே ஒரு கணக்காவது 60 பாகையில் கொடுங்கள். (4, 0) என்ற புள்ளி (2, 3.46) அருகே போய் நிற்கும், கட்டத்தின் மூலையில் நிற்காது. சுழற்சி என்றால் 90இன் மடங்குதான் என்ற மூடநம்பிக்கை அதோடு போய்விடும்.

இவற்றில் எது உறுதி, எது என் கருத்து என்பதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கணிதம் முழுவதும் உறுதி. சிலருக்கு மனத்துக்குள் திருப்ப அதிக நேரம் ஆகும் என்பதை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்போம். 1971இல் உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இரண்டு உருவங்கள் ஒன்றா என்று சொல்ல எடுத்த நேரம் அவற்றுக்கிடையிலான கோணத்தோடு சேர்ந்து சீராக ஏறியது, ஏறக்குறைய நொடிக்கு 60 பாகை என்ற கணக்கில். அவர்கள் சோதித்தது பெரியவர்களை, அதுவும் முப்பரிமாணக் கட்டைகளின் படங்களை வைத்து. அதை அப்படியே நம் வகுப்பறைக்கு இறக்குவது சரியாகாது. ஆனால் மனத்தால் திருப்புவதற்கு நேரம் பிடிப்பது இயல்பு, அது மந்தம் அல்ல என்று சொல்ல அது போதும். நடந்து பார்க்கும் முறைதான் மற்ற முறைகளைவிடச் சிறந்தது என்பது என் அனுபவம் மட்டுமே, ஒப்பிட்டுச் சோதித்த முடிவு அல்ல. டிரேசிங் தாளுக்கு முன்பே ஜியோஜீப்ரா போன்ற மென்பொருளைத் திறக்கலாமா என்பதில் என் சக ஆசிரியர் ஒருவருக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு. அவர் திரையில் தொடங்குகிறார், அவருடைய மாணவர்களும் நன்றாகவே செய்கிறார்கள். என் நிபந்தனை ஒன்றே: பொத்தானை அழுத்துமுன் விடை எங்கே விழும் என்று பென்சிலால் குறித்துவிட வேண்டும். குறிக்காமல் அழுத்துபவர் படம் பார்க்கிறார், அவ்வளவுதான். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு நான் இதைக் கற்பித்ததில்லை, ஆகவே அட்டைத்துண்டு முறை அவர்களுக்கு எவ்வளவு உதவும் என்று என்னால் பேச முடியாது.

விதியை அறவே வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது. செங்குத்தான இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்று பின்னாளில் படிக்கப்போகிறார்கள். வலது மூன்று மேல் இரண்டு என்ற நடையின் சாய்வு மூன்றில் இரண்டு, சுழன்றபின் சாய்வு குறை இரண்டில் மூன்று. அந்த −1 இங்கேயே பிறந்துவிட்டது. கலப்பெண்களில் −1இன் வர்க்கமூலத்தால் பெருக்குவதும் இதே கால்சுற்றுதான், அதை இரண்டு முறை செய்தால் −1 வருவதில் வியப்பே இல்லை. நில அளவையாளர் காஸ்பர் வெஸ்ஸல் 1797இல் டென்மார்க்கின் அறிவியல் கழகத்தில் அளித்த கட்டுரையில் இந்த வடிவியல் பார்வை இருந்தது, அந்தக் கட்டுரையைக் கணித உலகம் கவனிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 13 வயதில் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஏற்கெனவே விதியை மனப்பாடம் செய்துவிட்ட உங்கள் வகுப்பை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். விதியை மறக்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது. நாளை ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஒரு தாளில் (−ஒய், எக்ஸ்) என்றும் இன்னொன்றில் (ஒய், −எக்ஸ்) என்றும் எழுதி, எது இடஞ்சுழி, எது வலஞ்சுழி என்று நிரூபிக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு (1, 0) என்ற ஒரே புள்ளி போதும். முதல் விதியில் அது (0, 1) ஆகி மேலே ஏறும், இரண்டாவதில் (0, −1) ஆகிக் கீழே இறங்கும். தேர்வறையில் சந்தேகம் வந்தால் விடைத்தாளின் ஓரத்தில் இந்தப் புள்ளியைப் போட்டுப் பார்க்க ஐந்து நொடி ஆகும். அதன்பின் (2, 1) மையக் கணக்கைக் கொடுத்து, அட்டைத்துண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.